இடது கைக்காரியின் யுகுலேலே

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உறையூரில் யுகுலேலே வாசிக்கிறவர்கள் கூடுவது சாயங்காலம் நாலு மணிக்கு. நான் ஸ்ரீரங்கத்தில் பொழுது விடிந்ததிலிருந்து பையைத் தோளில் மாட்டிப் பார்ப்பதும் கழற்றி வைப்பதுமாக இருந்தேன். சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ போய் வாசி, வேணாங்கல. அதுக்காக நான் காவிரித் தண்ணி மொத்தத்தையும் குடிக்கணுமா?" என்றார்.

அவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர். எதற்கும் பதறமாட்டார். எனக்கும் சேர்த்து அவரே நிதானமாக இருந்துவிடுவதால் நான் பதறிக்கொள்ள நிறைய இடம் கிடைக்கிறது.

யுகுலேலே தெரியாதவர்கள் அதைக் கிடாரின் கடைக்குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். நாலே நாலு நைலான் தந்திகள். கைக்குழந்தையை ஏந்துவது போல மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் தந்திகளை அழுத்த வேண்டும், மறு கையால் மீட்ட வேண்டும். எந்தக் கை அழுத்துவது, எந்தக் கை மீட்டுவது என்பதில்தான் என் கதையே இருக்கிறது.

நான் இடது கைக்காரி. தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஊசியை இடது கையில் எடுத்தவுடன் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மாறும். "ஏம்மா, சோத்தாங்கையால குத்தக் கூடாதா?" என்று கேட்பார்கள். "அப்படின்னா நாளைக்கு வாங்க, இன்னைக்கு ராத்திரி பழகிக்கிட்டு வர்றேன்" என்பேன். அவர் அதை யோசித்து முடிப்பதற்குள் ரத்தம் எடுத்துப் பஞ்சு வைத்திருப்பேன். இருபது வருஷமாக இதே பேச்சுதான். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் லேபில் எல்லோரும் சொல்வார்கள். வாய் நீளாமல் இந்தக் கையோடு இந்த ஊரில் காலம் தள்ள முடியுமா?

ஒன்பது வயதில் எனக்கு வீணை கற்றுக்கொள்ளப் பைத்தியமாக ஆசை. சித்திரை வீதியில் ஒரு மாமி சொல்லிக்கொடுத்தார். அம்மா கூட்டிக்கொண்டு போனார். வீணையைப் பார்த்ததும் என் இடது கை தன்பாட்டுக்கு மீட்டப் போயிற்று. மாமி திட்டவில்லை. சிரித்துக்கொண்டே, "வீணைல அப்படிக் கிடையாதுடி கொழந்தே. கைய மாத்திண்டு வா, நன்னா சொல்லித் தரேன்" என்றார். நானும் வீட்டில் ஒரு அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கையை மாற்றிப் பார்த்தேன். வலது கை மாட்டேன் என்றுவிட்டது. வீணையும் அத்தோடு போயிற்று.

அதற்குப் பிறகு எழுதும்போது, கோலம் போடும்போது, பந்தியில் பரிமாறும்போது என்று யாராவது ஒருவர் "கையை மாத்து" என்பது எனக்குப் பழகிவிட்டது. கோயிலில் பிரசாதம் வாங்கும்போது மட்டும் நானே மாற்றிக்கொள்வேன். அது பெருமாளுக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு. மற்றவர்கள் சொன்னால் கோபம் சுருக்கென்று மூக்குக்கு வந்துவிடும்.

இந்த வருஷம் நவராத்திரிக்கு முன்னால் போனில் யாரோ ஒரு பெண் யுகுலேலே வாசிக்கிற வீடியோவைப் பார்த்தேன். பார்த்த அன்றைக்கே ஆர்டர் போட்டேன். வந்ததும் இடது கைக்குத் தோதாகத் திருப்பிப் பிடித்தேன். தந்திகளின் வரிசை தலைகீழாகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு முந்தைய சோகம் மறுபடி வந்து நிற்கிறதே என்று கீழே வைத்துவிட்டேன். அப்புறம் இன்னொரு வீடியோவைப் பார்த்து நாலு தந்திகளையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினேன். நரம்பைத் தேடிப் பிடிப்பதுதானே என் பிழைப்பு, அதில் ஒன்றும் சிரமம் இருக்கவில்லை. ஒரு வேளைச் சோற்றை மறந்ததுதான் மிச்சம்.

ஆயுத பூஜைக்குக் கொலுப்படிக்குப் பக்கத்தில் யுகுலேலேயைச் சாத்தி வைத்துச் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தேன். விஜயதசமி அன்று எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். ஐப்பசி அடைமழை முழுக்க வீட்டுக்குள் அதுதான் சத்தம். போன் திரையில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் விரல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே என் விரலும் போயிற்று. சீக்கிரமே நாலைந்து கார்டுகள் வந்துவிட்டன. கார்ட் என்றால் ஒன்றுமில்லை, குறிப்பிட்ட இடங்களில் விரல்களை வைத்து எல்லாத் தந்திகளையும் சேர்த்து மீட்டினால் கிடைக்கிற ஒரு கூட்டு ஒலி. எல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் தனியாக யுகுலேலே வாசிப்பது தனியாகப் பல்லாங்குழி ஆடுவது மாதிரி. கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடுகிறது. வீட்டுக்காரர் கேட்பார்தான். ஒரு கண் டிவியில் இருக்கும்.

அப்போதுதான் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. தைராய்டு டெஸ்டுக்கு ஒரு பெண் வந்தார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், முப்பது வயதிருக்கும். ஊசிக்குப் பயந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ரத்தம் எடுத்து முடித்ததும், அவர் பக்கத்தில் வைத்திருந்த சின்னப் பையைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். யுகுலேலே என்றார். எனக்குக் கையிலிருந்த குழாய் நழுவப் பார்த்தது.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்குங்க. வாசிப்பேன்" என்றேன். வாசிப்பேன் என்று நான் வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்ப ஞாயித்துக்கிழமை வாங்கக்கா. உறையூர்ல ஒரு டியூஷன் சென்டர் மாடில கூடுறோம். பத்துப் பேர் இருப்போம். ஃபீஸெல்லாம் கிடையாது, சும்மா சேர்ந்து வாசிக்கிறதுதான்" என்றார். அந்தக் குழுவை நடத்துவதே அவர்தானாம்.

அவர் போன பிறகுதான் உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததால் நான் எந்தக் கையால் ஊசி போட்டேன் என்பதை அவர் பார்க்கவே இல்லை. வாரம் முழுக்க இதே நினைப்புதான். சந்தோஷம் ஒரு பக்கம் துள்ளும், இந்த நினைப்பு இன்னொரு பக்கம் அதன் காலைப் பிடித்து இழுக்கும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். போவது. வாசிப்பது. "கையை மாத்துங்க" என்று ஒரு வார்த்தை வந்தால் அந்த நிமிஷமே எழுந்து பஸ் ஏறிவிடுவது. அதோடு யுகுலேலேயைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுவது. இரண்டாவது தடவையும் அதைக் கேட்டுக்கொண்டு இன்னொரு அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

மூன்று மணிக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். கண்டக்டர் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "என்னங்க மேடம், குட்டி வீணையா?" என்றார்.

"வீணையோட தூரத்துச் சொந்தம்" என்றேன்.

"பார்த்துங்க, சத்திரத்துல கூட்டம் இடிச்சுத் தள்ளிரும்" என்றார். சொன்னது போலவே சத்திரம் பேருந்து நிலையத்தில் கார்த்திகை மாதக் கூட்டம், மாலை போட்ட சாமிமார்கள், வாழைத்தார், பூக்கூடை. பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நீந்தி உறையூர் பஸ்ஸில் ஏறினேன். யாரோ காலை மிதித்தார்கள். திரும்பிச் சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல மனநிலையில் இருந்தேன்.

டியூஷன் சென்டரின் மாடிப்படியில் பாதி ஏறும்போதே சத்தம் கேட்டது. அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டில் ஒற்றை யுகுலேலே மீட்டினால் தகர டப்பாவில் பட்டாணி போட்டுக் குலுக்குகிற மாதிரிதான் இருக்கும். இங்கே பத்தும் சேர்ந்து ஒரே நேரத்தில் விழுந்தபோது ஓட்டுக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது போல இருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடாத குறையாக உள்ளே போனேன்.

பலகையில் பாதி அழித்த கணக்கு. நீள நீள பெஞ்சுகள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர், ஒரு பல் டாக்டர், ஒரு ஜவுளிக் கடைக்காரர், இன்னும் சிலர். லேபுக்கு வந்திருந்த அந்த ஆசிரியைப் பெண் எழுந்து வந்து, "வாங்கக்கா, உக்காருங்க" என்று முன் பெஞ்சில் இடம் காட்டினார். எனக்கு வலது பக்கத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ் என்று தானாகவே சொன்னார்.

யுகுலேலேயை வெளியே எடுத்தேன். நெற்றியில் பொட்டோடு அது வெளியே வந்ததும் பின் பெஞ்சிலிருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆயுத பூஜைக்கு வைத்ததைத் துடைக்க எனக்குத் தோன்றவே இல்லை. பொன்மலைக்காரர் திரும்பி என்னுடையதைப் பார்த்தார். பிறகு தன்னுடையதை நிமிர்த்திக் காட்டினார். தந்திகளை இறுக்கும் முறுக்காணிகளுக்கு நடுவே காய்ந்து வெடித்த சந்தனம்.

"ஒர்க்ஷாப்புல லேத்துக்கே பொட்டு வெக்கிறோம். இதுக்கு வெக்கலன்னா கோச்சுக்காதாங்க?" என்றார்.

எனக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது. தந்திகளைச் சுருதி சேர்த்துக்கொண்டே தன் கஷ்டத்தையும் சொன்னார். அவர் சேர்ந்து சில வாரங்கள் ஆகின்றனவாம். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஓரிடத்தில் விரல் மாட்டிக்கொள்கிறதாம். "அவங்க எதிர்ல உக்காந்து காட்டுறாங்க. எனக்கு எல்லாம் எதிர்ப் பக்கமா தெரியுதுங்க. யோசிச்சுத் திருப்பிக்கிறதுக்குள்ள பாட்டு போயிருது" என்றார். அவர் சொன்னது எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்கிறாரோ என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய சினிமாப் பாட்டு. ஆசிரியைப் பெண் எங்களைப் பார்த்து உட்கார்ந்து கையைத் தூக்கி இறக்கினார். நான் இடது கையால் மீட்டினேன். என் ஒலி மற்றவர்களின் ஒலியோடு போய்ச் சேர்ந்தது. எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. தப்பில்லாமல் இரண்டு வரி போயிருக்கும்.

டக்.

என் யுகுலேலேயின் தலை பொன்மலைக்காரரின் யுகுலேலேயின் தலையில் போய் முட்டியது. வலது கைக்காரர்களின் யுகுலேலே இடப்பக்கமாக நீளும். என்னுடையது வலப்பக்கமாக நீளும். அவருடையது என்னை நோக்கி வர, என்னுடையது அவரை நோக்கிப் போக, இரண்டு கிடாய்கள் மாதிரி மோதிக்கொண்டன. "மன்னிச்சுக்கங்க மேடம்" என்று அவர் நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். மறுபடி டக். இந்தத் தடவை அவருடைய முறுக்காணி திரும்பித் தந்தி ஒன்று அழுதது. பாட்டு நின்றுவிட்டது.

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். ஆசிரியைப் பெண்ணின் கண் என் யுகுலேலேயில் தொடங்கி என் இடது கையில் வந்து நின்றது. எனக்குக் காது சூடாயிற்று.

"அக்கா, நீங்க கொஞ்சம் மாத்தி..." என்று ஆரம்பித்தார்.

"கையை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "சின்ன வயசுலேர்ந்து கேட்டாச்சு. மாறாது. வேணாம்னா சொல்லுங்க, நான் பஸ் ஏறிடறேன்." சொல்லும்போதே எழுந்து பையைத் தோளில் மாட்டிவிட்டேன்.

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தார்.

"ஐயோ, இல்லக்கா. இடம் மாத்தி உக்காருங்கன்னு சொல்ல வந்தேன்" என்றார்.

முதலில் பல் டாக்டர் சிரித்தார், பிறகு எல்லோரும். அசடு வழிய நின்றேன். பையை இறக்கி வைத்துவிட்டு நானும் சிரித்தேன்.

பெஞ்சின் ஓரங்களிலெல்லாம் ஆள் இருந்தது. யாருடனும் முட்டாமல் உட்கார ஒரே இடம்தான், முன்னால் ஆசிரியைப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூல். அதில் உட்கார்ந்தால் எல்லோரையும் பார்த்தபடி இருக்க வேண்டும். கையை மாற்றச் சொல்லவில்லை, சரி. ஆனாலும் வகுப்பில் சேட்டை செய்த பிள்ளையைத் தனியாக உட்கார வைத்தது போல இருந்தது. கூட்டத்தோடு கூட்டமாக இருக்கத்தானே இரண்டு பஸ் மாறி வந்தேன்? கொஞ்சம் வாடித்தான் போனேன்.

பாட்டு மறுபடி ஆரம்பித்தது. பொன்மலைக்காரர் சொன்ன அந்த இடம் வந்தது. இரண்டு விரலில் பிடிக்கும் கார்டிலிருந்து மூன்று விரல் கார்டுக்குத் தாவ வேண்டும். தாவினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிர் பெஞ்சில் அவர் என் விரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்களும் தாவியிருந்தன. பாட்டில் அந்த இடம் திரும்ப வந்தது. மறுபடியும் தாவினார். அவர் முகம் தீபாவளி மாதிரி ஆயிற்று.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றார். "எனக்கு வந்துருச்சு."

எல்லோரும் நிறுத்தினார்கள்.

"இவங்கள எதிர்ல வெச்சுப் பார்த்தா கண்ணாடியப் பாக்கிற மாதிரி இருக்குங்க. இவங்க விரல் சன்னல் பக்கம் போனா என் விரலும் சன்னல் பக்கம் போகுது. திருப்பி யோசிக்கவே வேண்டியதில்ல."

ஆசிரியைப் பெண் நம்பவில்லை. பெஞ்சில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து ஒரு தடவை வாசித்தார். நடுவிலேயே நிறுத்தி, "அட ஆமாக்கா" என்றார். எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. போன் திரையிலிருந்த வலது கைக்காரப் பெண் எனக்கு எப்படிக் கண்ணாடியாக இருந்தாளோ, அப்படி நான் இவர்களுக்கு இருக்கிறேன். எனக்குச் சுலபமாக வந்ததற்குக் காரணம் என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். அது போயிற்று. போனால் போகட்டும், அதைவிடப் பெரிதாக ஒன்று கிடைத்திருந்தது.

பின் பெஞ்சுக்காரர்கள் முன்னால் நெருங்கி வந்தார்கள். ஜவுளிக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அடுத்த தடவை வாசித்தபோது அத்தனை கண்களும் என் கைகளின் மேல் இருந்தன. அந்தப் படபடப்பில் ஓரிடத்தில் விரலைத் தவறான தந்தியில் வைத்துவிட்டேன். பத்துப் பேரும் அச்சுப் பிசகாமல் அதே தப்பைச் செய்தார்கள். கேட்கச் சகிக்கவில்லை. பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். நான் சிரித்த சிரிப்பில் கொண்டை அவிழ்ந்துவிட்டது.

என் கையை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள், பயத்தோடு, முகச்சுளிப்போடு, அனுதாபத்தோடு. அது செய்வதைப் போலவே தாங்களும் செய்ய வேண்டும் என்று யாரும் பார்த்ததில்லை.

"கடைசியா ஒரு தடவை முழுசா வாசிச்சிரலாம்" என்ற ஆசிரியைப் பெண் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. பெஞ்சிலேயே மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டார். "நீங்களே ஆரம்பிச்சு விடுங்கக்கா."

ஆரம்பிப்பது என்றால், அவர் செய்தது போல மீட்டுகிற கையைத் தலைக்குமேல் தூக்க வேண்டும். எல்லோரும் கூடவே தூக்குவார்கள். சேர்ந்து இறக்கினால் பாட்டு தொடங்கிவிடும். தொடங்கி வைப்பது நல்ல காரியம் இல்லையா? நல்ல காரியத்துக்கு வலது கைதான் என்று ஊறிப்போன பழக்கம், தந்தியை அழுத்திக்கொண்டிருந்த வலது கையை எடுத்து மேலே தூக்கினேன். எதிரே இருந்தவர்கள் கண்ணாடி கணக்காகத் தங்கள் இடது கைகளைத் தூக்கினார்கள். தூக்கிவிட்டு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பொன்மலைக்காரர் யுகுலேலேயை மடியில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அது இல்ல தங்கச்சி. உங்க கையத் தூக்குங்க."

இடது கையைத் தூக்கினேன். பத்து வலது கைகள் அதோடு எழுந்தன. எல்லாம் மேலேயே நின்றன, நான் இறக்குவதற்காக.